மஞ்சள் வழக்கில் நாம் ஜெயித்தது எதை?

"அமெரிக்காக்காரன் நம்ம மஞ்சளுக்குப் பேட்டன்ட் வாங்கிட்டான், நாம கேஸ் போட்டு மீட்டோம்." இந்தக் கதையைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. பட்டிமன்றம், வாட்ஸ்அப், மரபு உணவுத் திருவிழா என்று எங்கே போனாலும் ஒருவர் இதைச் சொல்வார். சொல்லி முடித்ததும் இரண்டாவது வாக்கியம் ஒன்று வரும்: "பாத்தீங்களா, மஞ்சள் கிருமிநாசினின்னு அமெரிக்காவே ஒத்துக்கிட்டான்!"

முதல் வாக்கியம் ஏறக்குறைய சரி. இரண்டாவது சரியில்லை. இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று தேடப் போய்த்தான் இந்தக் குறிப்பு இவ்வளவு நீண்டுவிட்டது.

முதலில் வழக்கு. 1995 மார்ச் 28 அன்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 5,401,504 என்ற எண்ணில் ஒரு காப்புரிமை வழங்கியது. பெற்றது மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம். கண்டுபிடிப்பாளர்கள் என்று பதிவானவர்கள் சுமன் தாஸ், ஹரிஹர் கோலி என்ற இருவர். பெயரைப் பார்த்தாலே தெரியும், இருவரும் இந்திய வம்சாவளி. காப்புரிமை மஞ்சள் செடிக்கோ கிழங்குக்கோ அல்ல. காயத்தில் மஞ்சளைப் போட்டோ உள்ளுக்குக் கொடுத்தோ ஆற்றும் முறைக்கு. இந்தியாவில் அப்போது சி.எஸ்.ஐ.ஆர். அமைப்பின் தலைமை இயக்குநர் மஷேல்கர். 1996 அக்டோபரில் அந்த அமைப்பு மறுபரிசீலனை கேட்டு மனுப் போட்டது. 32 ஆவணங்களைச் சேர்த்துக் கொடுத்தார்கள். சில நூறு வருஷத்துக்கும் மேல் பழையவை, சமஸ்கிருதம், உருது, இந்தி என்று பல மொழிகளில் இருந்தவை. இந்திய மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் 1953-ல் வந்த ஒரு கட்டுரையும் அதில் இருந்தது. 1997 ஆகஸ்டில் அலுவலகம் எல்லா உரிமைக்கோரல்களையும் நிராகரித்தது. 1998 ஏப்ரலில் விஷயம் முடிந்தது.

இங்கேதான் நிறுத்திப் பார்க்க வேண்டும். காப்புரிமை அலுவலகம் கேட்ட கேள்வி "மஞ்சள் காயத்தை ஆற்றுமா?" என்பதல்ல. "இது புதுசா?" என்பது மட்டும்தான். புதுசு இல்லை என்று இந்தியா காட்டியது, அவர்களும் சரி என்றார்கள். அதாவது ஒரு வழக்கம் பழையது என்று நிரூபணமாயிற்று. அது பலன் தரும் என்று யாரும் நிரூபிக்கவும் இல்லை, யாரும் அங்கே கேட்கவும் இல்லை. ஒரு மந்திரத்தைச் சொல்லிக் காயத்தை ஆற்றும் முறைக்கு ஒருவர் காப்புரிமை கேட்டு, அது ஆயிரம் வருஷம் பழைய மந்திரம் என்று நாம் புத்தகத்தைக் காட்டியிருந்தாலும் புதுமை என்ற கேள்வியில் முடிவு இதேதான்.

இன்னொரு விஷயம் எனக்கு இதைவிட உறுத்தலாக இருந்தது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, ஒரு விஷயம் அமெரிக்காவுக்குள் தெரிந்திருந்தாலோ புழக்கத்தில் இருந்தாலோ அது கணக்கில் வரும். வெளிநாட்டில் என்றால் காப்புரிமை பெற்றதாகவோ அச்சில் வந்ததாகவோ இருக்க வேண்டும். வெறும் புழக்கம் போதாது. இந்தியாவில் கோடிக்கணக்கான வீடுகளில் பிள்ளையின் முட்டியில் மஞ்சள் வைத்தது சட்டத்தின் கண்ணில் நடக்காத விஷயம். 1953-ல் ஒரு ஆய்விதழ் அச்சடித்த சில பக்கங்கள் மட்டும் நடந்த விஷயம். (அந்த விதியை 2011-ல் சட்டம் போட்டு மாற்றினார்கள், 2013 முதல் அமலில் இருக்கிறது.) இதற்குப் பிறகுதான் 2001-ல் மரபறிவு மின்னூலகம் ஒன்றை நம் அரசு தொடங்கியது. ஆயுர்வேத, யுனானி நூல்களோடு தமிழ்ச் சித்த மருத்துவ நூல்களிலுள்ள யோகங்களையும் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் பெயர்த்து வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் நூலில் ஏறியது மட்டும்தானே அதிலும் ஏறும்?

சரி, நம் நூல்களில் மஞ்சள் எப்படி ஏறியிருக்கிறது?

சங்கப் பாடல்களில் மஞ்சள் உண்டு, ஆனால் நாம் எதிர்பார்க்கும் இடத்தில் இல்லை. பட்டினப்பாலை சோழநாட்டு வளத்தைச் சொல்லும்போது தெங்கு, வாழை, கமுகு, இஞ்சி வரிசையில் மணக்கும் மஞ்சளையும் வைக்கிறது. அதாவது, பயிர். நற்றிணை 101 இன்னும் அழகு. இறால் மீனின் முதுகுக்கு முற்றாத மஞ்சள் கிழங்கை உவமை சொல்கிறது. பசுமஞ்சளைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வளையம் வளையமாக, லேசாக வளைந்து, அப்படியே இறால்தான். இதைப் பாடியவர் மஞ்சள் கொல்லையையும் நெய்தல் கழியையும் நேரில் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் கல்யாணத்துக்கு வாருங்கள். அகநானூற்றில் 86, 136 என இரண்டு பாடல்கள் கல்யாணத்தை விரிவாகக் காட்டுகின்றன. முதலாவது நல்லாவூர் கிழார் பாடியது. உளுந்துக் களி இருக்கிறது, பந்தல் இருக்கிறது, புது மணல் இருக்கிறது, பிள்ளை பெற்ற மகளிர் நால்வர் பூவும் நெல்லும் கலந்த நீரால் மணப்பெண்ணை நீராட்டுகிறார்கள். மஞ்சள் இல்லை. அடுத்தது விற்றூற்று மூதெயினனார் பாடியது. இறைச்சி போட்ட நெய்ச்சோறு, ரோகிணி நாள், வாகை இலை, அறுகம்புல், நூல். அந்த நூலும் வெள்ளை நூல்! மஞ்சள் கயிறு இல்லாமல் தமிழ்க் கல்யாணமா என்று கேட்டால், இந்த இரண்டு கல்யாணமும் நடந்திருக்கிறது, என்ன செய்வது.

உடம்பில் படும் மஞ்சளை எனக்குத் தெளிவாகக் காட்டியவர் பெரியாழ்வார். ஒன்பதாம் நூற்றாண்டை ஒட்டியவர் என்பது பொதுக் கணக்கு. முதல் பதிகத்திலேயே குழந்தைக் கண்ணனைக் குளிப்பாட்டுகிறாள் யசோதை. கை காலை நீட்டிவிட்டு, கொப்பரைத் தண்ணீரில் பதமாக நீராட்டி, பசுமஞ்சளின் சின்னத் துண்டால் நாக்கை வழித்துவிடுகிறாள். அதற்காகக் குழந்தை வாயைத் திறக்கும்போதுதான் ஏழுலகமும் உள்ளே தெரிகிறது. பக்தர்களுக்கு ஏழுலகம் முக்கியம். எனக்கு அந்த மஞ்சள் துண்டு முக்கியம். எந்த மருத்துவ நூலும் இவ்வளவு நுணுக்கமாகச் சொல்லாது: காய்ந்த மஞ்சள் இல்லை, பச்சை மஞ்சள். பெரிய கிழங்கு இல்லை, குழந்தையின் வாய்க்குள் போகிற சிறு துண்டு. இது எழுதி வைத்த மருத்துவம் இல்லை, தாய்மார் கை கைக்கு மாற்றியது, ஒரு கவிஞர் கண்ணில் பட்டதால் தப்பியது. இன்னொரு பதிகத்தில் கண்ணனை நீராட அழைக்கும்போது சாந்து, மை, செங்கழுநீர் மாலையோடு மஞ்சளையும் எடுத்து வைத்திருப்பதாகச் சொல்கிறாள். கவனியுங்கள், இரண்டு இடத்திலும் குளிப்பது ஆண் குழந்தை.

(இங்கே ஒரு இடைச்செருகல். கோயிலில் "திருமஞ்சனம்" என்கிறார்களே, அது மஞ்சளிலிருந்து வந்த சொல் என்று பலர் எழுதுகிறார்கள். இல்லை. நீராடுதல் என்று பொருள்படும் வடசொல் மஜ்ஜனம், தமிழில் மஞ்சனம் ஆயிற்று. ஒலி ஒத்துப்போனது தற்செயல். நிஜமாகவே மஞ்சளுக்கு வந்து சேர்ந்த வடசொல் அரிசனம். ஹரித்ரா என்பதன் உருமாற்றம், கன்னடத்தில் இன்றும் வீட்டுச் சொல்.)

உடம்பில் மஞ்சள் பூசுவது நம்முடைய தனிச்சொத்தும் இல்லை. மஞ்சள் ஒரு விசித்திரமான பயிர். குரோமோசோம் மூன்று தொகுதியாக இருப்பதால் பூ பூத்தாலும் விதை பிடிப்பது மிக அரிது. கிழங்கை ஒடித்து ஊன்றினால்தான் அடுத்த செடி. காற்றோ பறவையோ இதைக் கொண்டுபோக முடியாது, மனிதர்தான் மூட்டை கட்டித் தூக்கிப் போக வேண்டும். அப்படித் தூக்கிக்கொண்டு படகேறியவர்கள் ஆஸ்திரனேசிய மாலுமிகள். ஹவாய் வரை போயிருக்கிறது. அங்கே அதற்கு ஓலெனா என்று பெயர், காதுவலிக்கு அதன் சாறு, தீட்டுக் கழிக்க உப்புநீரோடு அதே கிழங்கு. மைக்ரோனேசியத் தீவுகளில் மஞ்சள் தூள் உடம்பில் பூசும் அணி. ஜாவாவில் மணப்பெண்ணுக்குப் பூசும் லூலூரில் மஞ்சள் உண்டு. மேற்கே போனால், ஹரியானாவிலுள்ள ஃபர்மானா என்ற ஹரப்பா கால ஊரில் கிடைத்த பானைகளிலும் மனிதப் பற்களிலும் மஞ்சளின் மாவுத்துகள் கிடைத்திருக்கிறது, சுமார் 4500 வருஷம் முந்தியது. 2020 இறுதியில் வெளியான ஆய்வு ஒன்று, இன்றைய இஸ்ரேலிலுள்ள மெகித்தோவில் 3500 வருஷத்துக்கு முன் இறந்தவரின் பல் காறையில் மஞ்சளின் புரதத்தைக் கண்டது. பல்லில் இருப்பது சாப்பிட்டதன் தடயம். தோலில் பூசியதற்குத் தடயம் மிஞ்சாது.

இப்போது நான் வர நினைத்த இடத்துக்கு வருகிறேன்.

"பெண்கள் மஞ்சள் பூசிக் குளித்தது அழகுக்காக மட்டுமில்லை, கிருமி அண்டாமல் இருக்கத்தான், அந்தக் காலத்திலேயே விஞ்ஞானம் தெரிந்திருந்தது" என்பது இன்றைய பொது நம்பிக்கை. என் அம்மிச்சி ஈரோட்டுப் பக்கம், மஞ்சள் விளைகிற ஊர். முப்பத்தைந்து வயதில் தாத்தா தவறிவிட்டார். நான் பார்த்த நாள் முதல் வெள்ளைச் சீலைதான். அம்மியில் மஞ்சள் அரைப்பார், உள்ளங்கை இரண்டும் மஞ்சளாகவே இருக்கும். கீழே விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டு போனால் தேங்காயெண்ணெயில் மஞ்சளைச் சூடாக்கி வைத்துவிடுவார். ஆனால் கையிலிருக்கும் அந்த மஞ்சளை முகத்தில் வைக்க மாட்டார். ஒருமுறை கேட்டேன், "ஏன் அம்மிச்சி, அம்மா மாதிரி நீங்களும் பூசிக்கலாமில்ல?" "எனக்கெதுக்குக் கண்ணு அதெல்லாம்? கறிக்குப் போட்டா போதும்" என்றார். அதில் வருத்தமும் தெரியவில்லை. பழகிப்போனது.

மஞ்சள் பூச்சு மருந்து என்றால், கணவன் இறந்த அன்றோடு ஒரு பெண்ணின் தோலுக்குக் கிருமி வராமல் போய்விடுமா? ஆண்களுக்கு வராதா? நலங்கு வைக்கும் சில நாள் தவிர ஆண் முகத்தில் மஞ்சள் ஏது? பல சமூகங்களில் காரியத்தன்று அந்தப் பெண்ணுக்குக் கடைசி முறையாக மஞ்சள் பூசி, பூ வைத்து, பிறகு எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். ஒரு மருந்தை யாரும் இப்படி நிறுத்துவதில்லை. இது ஒரு அடையாளத்தைப் பறிக்கிற முறை. "மஞ்சள் குங்குமத்தோடு இரு" என்று வாழ்த்துவதன் பொருள் "தோல் நோயில்லாமல் இரு" என்பதா? "உன் புருஷன் இருக்கும்வரை நீ இரு" என்பதுதான்.

இந்தப் பறிப்பும் என்றைக்கும் ஒரே மாதிரி இருந்ததில்லை. புறநானூறு 246-ல் பெருங்கோப்பெண்டு கைம்மையின் கொடுமையைச் சொல்கிறாள்: நெய்யில்லாத பழஞ்சோறு, எள் துவையல், வேளைக்கீரை, பாய் கூட இல்லாமல் பரல் மேல் படுக்கை. அதைவிட ஈமத்தீ மேல் என்கிறாள். எவ்வளவு கடுமையான பட்டியல்! அதில் மஞ்சள் இல்லை. சங்க மணப்பெண்ணுக்கு மஞ்சள் தரப்படாத அந்தப் பாடல்களையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். கொடுக்காத ஒன்றைப் பறிக்க முடியாது. மஞ்சள் மங்கலத்தின் சின்னமாக வளர வளரத்தான் அது இல்லாமை அமங்கலத்தின் சின்னமாகவும் வளர்ந்தது என்பது என் வாசிப்பு. அந்த வரலாற்றைக் "கிருமிநாசினி" என்ற ஒரே சொல்லில் மூடுவது, அம்மிச்சி போன்றவர்கள் மேல் நடந்ததையும் சேர்த்து மூடுகிறது.

இதற்காக மருத்துவப் பக்கம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல வரவில்லை. முட்டியில் மஞ்சள் வைத்த அதே கைதானே. 1949-ல் நேச்சர் இதழில் இரண்டு ஜெர்மன் ஆய்வாளர்கள், மஞ்சளிலுள்ள குர்க்குமின் சில பாக்டீரியாக்களை ஆய்வகத்தில் கட்டுப்படுத்துவதாக எழுதினார்கள். 1992-ல் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசி 814 சொறி நோயாளிகளிடம் பார்த்த ஒரு ஆய்வில், 3 முதல் 15 நாளில் நூற்றுக்கு 97 பேருக்குக் குணமானது என்று பதிவு. முன்னோட்ட ஆய்வுதான். அதிலும் வேம்பின் பங்கு எவ்வளவு, மஞ்சளின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

வேம்பும் மஞ்சளும் என்றதும் அம்மை ஞாபகம் வரும். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது இரண்டும் சேர்ந்த நீர். மாரியம்மன் திருவிழாவில் மஞ்சள் நீராட்டு. அந்த நோயாளியைத் தனியே படுக்க வைத்தது, வேப்பிலையால் வருடி அரிப்பைத் தணித்தது, பக்குவமான சாப்பாடு, இதெல்லாம் நிச்சயம் ஆறுதல் தந்திருக்கும். ஆனால் பெரியம்மையை ஒழித்தது மஞ்சள் நீர் இல்லை. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் 1899-ல் தொடங்கியதே கன்றுக்குட்டி நிணநீரிலிருந்து அம்மைத் தடுப்பு மருந்து தயாரிக்கத்தான். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை நின்றது. மஞ்சளும் வேம்பும் இருந்த அத்தனை நூற்றாண்டும் அது கொன்றுகொண்டுதான் இருந்தது. மரபின் மேல் மரியாதை வைப்பதற்கு இதை மறக்க வேண்டிய அவசியம் இல்லை.

அழகு விஷயத்தில் நம் பெண்கள் ரொம்பத் தெளிவாக இருந்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எல்லா மஞ்சளும் ஒன்றில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். கறிக்கு விரலி. முகத்துக்குக் குண்டு மஞ்சள், படிக்கட்டிலோ கல்லிலோ உரசிப் பூசுவது. கஸ்தூரி மஞ்சள் வேறு இனமே, சமையலுக்கு ஆகாது, அரைத்தால் வெளிறிய நிறம், கற்பூரம் மாதிரி வாசம், தோலில் மஞ்சள் பிடிக்காது. குளியல் பொடியில் போடும் பூலாங்கிழங்கு இன்னொரு இனம். மரமஞ்சளோ பெயரில் மட்டும் மஞ்சள், அது ஒரு கொடியின் தண்டு. இன்று கடையில் "கஸ்தூரி மஞ்சள்" என்று கிடைக்கும் பொட்டலத்தைப் பிரித்தால் பளிச்சென்று மஞ்சளாக இருக்கிறதா? சந்தேகப்படுங்கள். அசல் அப்படி இருக்காது.

மருந்தா அழகுப் பொருளா என்ற இந்தக் குழப்பம் ஒரு கட்டத்தில் கோர்ட்டுக்கே போயிற்று. 1970-களில் விக்கோ நிறுவனம் மஞ்சள் சேர்த்த முகப்பூச்சு ஒன்றைக் கொண்டுவந்தது. எண்பதுகளில் டிவி பார்த்தவர்களுக்கு அந்த விளம்பரப் பாட்டு மறக்காது. கலால் துறை, இது அழகு சாதனம், அதற்குரிய வரியைக் கட்டு என்றது. நிறுவனம், இது ஆயுர்வேத மருந்து என்றது. அழகு சாதனத்துக்கு வரி அதிகம், விஷயம் அதுதான். பல வருஷம் இழுத்து உச்ச நீதிமன்றம் வரை போய், ஆயுர்வேத மருந்து என்ற நிறுவனத்தின் வாதமே நின்றது. நான் இதைப் படித்துச் சிரித்துவிட்டேன். படித்துறையில் மஞ்சள் உரசிய பெண்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் கேள்வியே புரிந்திருக்காது. மங்கலம், மணம், நிறம், தோல் எல்லாம் ஒரே உரசலில் இருந்தவை. வரி போடும்போதுதான் பிரிக்க வேண்டியிருக்கிறது.

ஆய்வகம் எங்கே நிற்கிறது? குர்க்குமினை 1815-லேயே வோகல், பெல்லெத்தியே இருவரும் பிரித்தெடுத்தார்கள், கட்டமைப்பு 1910-ல் தெரிந்தது. காய்ந்த மஞ்சளில் பொதுவாக அது 2 முதல் 5 சதவீதம்தான். சாப்பிட்டால் பெரும்பகுதி ரத்தத்துக்குப் போவதே இல்லை. 1998-ல் பெங்களூரு ஆய்வாளர்கள் 2 கிராம் குர்க்குமினோடு மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது ரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு கூடியது. மிளகு போட்ட மஞ்சள் பாலுக்கு இந்த ஆய்வைத்தான் எல்லோரும் சாட்சி வைக்கிறார்கள். மிகச் சிறிய ஒன்றின் 20 மடங்கும் சிறியதுதான் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. உப்புக்கரைசலில், ரத்தத்தை ஒத்த காரநிலையில் வைத்தால் அரை மணியில் பத்தில் ஒன்பது பங்கு குர்க்குமின் சிதைந்துவிடுகிறது. ரத்தத்தின் புரதங்கள் கூட இருந்தால் கொஞ்சம் தாங்குகிறது. இந்த நிலையாமை நமக்குப் புதிதும் இல்லை. மஞ்சள் தோய்த்த துணி வெயிலில் வெளுக்கும், தாலிக்கயிற்றுக்குத் தினமும் மஞ்சள் பூச வேண்டியிருக்கும், சுண்ணாம்பு பட்டால் ஆரத்தித் தட்டில் சிவக்கும். எல்லாம் அதே மூலக்கூறின் குணம்தான். 2017-ல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் மருந்து வேதியியல் இதழில் வந்த ஒரு விரிவான மதிப்பீடு, குர்க்குமினை வைத்து நடந்த நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகளைப் பார்த்துவிட்டு, முறையாக ஒப்பிட்டு நடத்திய எந்தச் சோதனையிலும் அது வெற்றி பெறவில்லை என்றது. ஆய்வகக் கருவிகளிலேயே அது பொய்யான சாதக முடிவு காட்டும் என்றும் எச்சரித்தது. முழுக் கிழங்கும் தனி மூலக்கூறும் ஒன்றில்லை என்று மறுப்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான மறுப்புதான். அப்படியானால் முழுக் கிழங்கை வைத்துச் சோதனை நடக்கட்டும்.

ஆனால் நம் வீட்டுக்கு நெருக்கமான பிரச்சனை வேறு. பெரியாழ்வார் காட்டும் பசுமஞ்சள் கொல்லையிலிருந்து நேராக வந்தது. நாம் வாங்குவது வெட்டி, வேகவைத்து, பத்துப் பதினைந்து நாள் காயவைத்து, டிரம்மில் போட்டு உருட்டிப் பாலிஷ் செய்து, அரைத்து, பொட்டலம் போட்டது. (சாணிக் கரைசலில் வேகவைப்பதும் பழைய முறைகளில் ஒன்று. கிருமிநாசினிப் பெருமை பேசுகிறவர்கள் இதை விட்டுவிடுவார்கள்.) சந்தையில் மஞ்சளை மதிப்பது கண்ணால். எவ்வளவு பளபளப்போ அவ்வளவு விலை. வங்கதேசத்தில் 1980-களில் வெள்ளம் வந்து மஞ்சள் கறுத்துப்போனபோது, நிறத்தை மீட்கப் பாலிஷ் போடும் இடத்திலேயே ஈயக் குரோமேட்டைத் தூவத் தொடங்கினார்கள். பெயின்டுக்குப் போடுகிற மஞ்சள் நிறமி. வெள்ளம் வடிந்தது, பழக்கம் வடியவில்லை. கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் ஏன் இவ்வளவு இருக்கிறது என்று தேடிப் போன ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர் ஜென்னா ஃபோர்சைத்தும் வங்கதேச ஆய்வாளர்களும் கடைசியில் போய் நின்றது சமையலறை மஞ்சளில். அந்த மஞ்சளைத்தான் பிள்ளைக்குப் பாலில் கலந்து கொடுத்திருப்பார்கள், காயத்திலும் வைத்திருப்பார்கள்.

2019-ல் முடிவுகள் வெளிவந்ததும் அங்குள்ள உணவுப் பாதுகாப்புத் துறை மொத்தச் சந்தையில் கையடக்கக் கருவியோடு இறங்கியது. சரக்கைப் பிடித்தார்கள், அபராதம் போட்டார்கள், செய்தியில் காட்டினார்கள், சந்தை முழுக்க நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்த வருஷம் எடுத்த மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. 2021-ல் எடுத்தபோது ஒன்றிலும் இல்லை. மஞ்சள் ஆலைத் தொழிலாளர்களின் ரத்தத்தில் ஈயம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது.